முதல் தட்டு

உக்கடம் ஞாயிற்றுச் சந்தையில் கீறல் இல்லாத இசைத்தட்டை இப்போதெல்லாம் யாரும் கையால்கூடத் தொடுவதில்லை. உறை பிரிக்காத தட்டு, முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போலப் பளபளக்கும் தட்டு எல்லாம் ஒரு மூலையில் வெயிலில் வளைந்து கிடந்தன. அவற்றை வாங்கிப் போய்ச் சிலர் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிறார்கள். தேய்ந்து, கீறி, விளிம்பு உடைந்து, எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும் அப்பிய தட்டுகளுக்குத்தான் அடிதடி. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனால் மதிப்புப் போய்விடும் என்பது பழைய கணக்கு. இங்கே கட்டெறும்புக்குத்தான் மவுசு.

எல்லாம் குரலகழ்வி என்ற கருவி வந்த பிறகு நேர்ந்தது. தட்டின் தடத்தில் ஊசி ஓடும்போது பக்கத்தில் பேசுகிறவர்களின் குரலும் அந்த ஊசிக் கையைத் துளி அசைக்கும். அந்த அசைவு தடத்தின் சுவரில் மயிரிழையைவிட மெல்லிய கோடாகப் பதியும். ஒரு முறை ஓடினால் ஒரு படலம். அடுத்த முறை அதன் மேலேயே இன்னொன்று. தட்டு பாடிய காலமெல்லாம் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறது. அது யாருக்கும் தெரியவில்லை. பாட்டைக் கழித்துவிட்டு அதனடியில் கிடக்கும் வீட்டுப் பேச்சை எடுத்துத் தருவதுதான் குரலகழ்வியின் வேலை. எந்தப் பாட்டுக்காக அந்தத் தட்டைச் செய்தார்களோ அந்தப் பாட்டு இன்றைக்குக் குப்பை. பாடியவர் உயிரைக் கொடுத்துப் பாடியிருப்பார், பாவம்.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. எத்தனை படலம் இருந்தாலும் ஒன்றைத்தான் எடுக்க முடியும். மேலே உள்ளவற்றைச் சீவி எறிந்தால்தான் அடியில் உள்ளதைத் தொடலாம். தொட்டுப் படிக்கிற ஊசியின் அழுத்தத்தில் அதற்கும் கீழே உள்ளவை நசுங்கிப் போகும். ஒரு தட்டுக்கு ஒரு நாளின் பேச்சு, அவ்வளவுதான். மற்ற செத்தவர்கள் எல்லாம் இன்னொரு முறை சாக வேண்டியதுதான். சீவுகிற கத்திக்கு அது எந்த வீட்டுப் பேச்சு என்று தெரியுமா? நக்குகிற நாய்க்குச் செக்கென்ன, சிவலிங்கமென்ன?

சொந்தமாகத் தட்டு வாங்கிக் கேட்டவர்கள் வசதிக்காரர்கள். அவர்கள் குரல்கள் அவரவர் பேரப்பிள்ளைகளிடமே பத்திரமாக இருந்தன. மற்றவர்களுக்கு இருந்த ஒரே வழி மைக்செட்டுக்காரர். காதுகுத்து, சீர், கல்யாணம் எதுவானாலும் ஒலிபெருக்கிக் குழாயை வேப்பமரத்தில் கட்டுவார். தட்டு சுற்றும் பெட்டியை மட்டும் வீட்டுக்குள், ப்ளக் இருக்கிற சுவரோரமாக, பெண்கள் கூடி உட்காரும் அறையில் வைப்பார். விடிந்ததும் முதலில் போடுவது பிள்ளையார் பாட்டு. எந்த ஊர், எந்த விசேஷம் என்றாலும் அதுதான் முதல் தட்டு. அது தேய்ந்து ஊசி குதிக்க ஆரம்பித்தால் புதுத் தட்டு வாங்கமாட்டார். ஊசிக் கையின் தலையில் ஒரு பத்துப் பைசாவை ஒட்டிவிடுவார். அந்தப் பாரம்தான் குரல்களை ஆழமாகப் பதித்தது. கஞ்சத்தனத்தால் இப்படி ஒரு நன்மை வரும் என்று அந்த மனிதர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்.

திருமூர்த்தி தேடி வந்தது மூலனூர் செல்லமுத்து ரேடியோஸின் முதல் தட்டை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஞாயிறு தவறாமல் பல்லடத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். முட்டி வலியோடு தார்ப்பாய்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, தட்டுகளைப் புரட்டிப் புரட்டி, விரல் நுனியெல்லாம் கறுத்துப் போய் வீடு திரும்புவார். சந்தைக்காரர்கள் அவருடைய பெயரையே மறந்து "மூலனூர் ஐயா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அவருக்கு மூன்று வயதில், செல்லமுத்துவின் மைக்செட் வைத்துக் காது குத்தினார்கள். அடுத்த மாதமே அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். ஒரு புகைப்படம் இருக்கிறது. அதில் வாயை இறுக மூடிக்கொண்டு, புகைப்படக்காரர் மேல் கோபமோ என்று நினைக்கும்படி நிற்கிறாள். குரல் எப்படி இருக்கும் என்று அப்பாவைக் கேட்டால், "எல்லாரும் பேசற மாதிரித்தான் பேசுவா" என்பார். அந்தப் பதிலைக் கேட்டுத் திருமூர்த்தி எத்தனையோ முறை பல்லைக் கடித்திருக்கிறார். இப்போது அப்பாவும் இல்லை, அத்தைகளும் இல்லை, சித்திகளும் இல்லை. அம்மா தன்னைக் கூப்பிடுவதைக் கேட்காமல் செத்துப்போகக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை.

வீட்டில் ஒரு கதை மட்டும் சொல்வார்கள். ஆசாரிக்கு வேறு ஊரிலும் காதுகுத்து இருந்ததால் விடியற்காலையிலேயே வந்துவிட்டாராம். முதல் தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பி காதில் இறங்கியதாம். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய், திரும்ப வரும்வரை பிள்ளையின் அலறல் மட்டும் ஊருக்கே கேட்டதாம்.

அன்று ஷம்சுதீனின் தார்ப்பாயில், கன்னிவாடியில் ஏதோ மாட்டுச்சாளையை இடித்தபோது கிடைத்த ஒரு மூட்டையைக் கொட்டினார்கள். ஷம்சுதீன் பழைய தட்டு வியாபாரத்தில் தலைமுடி நரைத்தவர். திருமூர்த்தியின் விரல்கள் மூன்றாவது தட்டிலேயே நின்றன. நடுவட்டத்துக் காகிதத்தில், சிவப்பு நகப்பூச்சில் "செ.மு. மூலனூர்" என்று எழுதியிருந்தது. கீழே பிள்ளையார் படம். தூக்கப் பார்த்தார், தட்டு வரவில்லை. அதன் மறு விளிம்பை இன்னொரு கை பிடித்திருந்தது.

"இது எங்களுதுங்க" என்றாள் அந்தக் கைக்கு உரியவள். அவர் வயதுதான் இருக்கும். கைத்தறிச் சேலை, முழங்கையில் கோழி கொத்திய பழைய தழும்புகள். காங்கேயம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற பூவாத்தாள்.

"உங்களுதுன்னா? நானுந்தானுங்க வருசக்கணக்கா தேடறேன்."

"நானென்ன பொழுதுபோகாமயா வந்து குந்தியிருக்கறேன்?"

ஷம்சுதீன் சண்டை முற்றுமுன் நிழல்பார்வையை எடுத்தார். கைவிளக்குப் போல ஒரு கருவி. தட்டின் மேல் பிடித்தால் படலங்கள் திரையில் வரிவரியாகத் தெரியும். சொல் எதுவும் கேட்காது, சத்தத்தின் உருவம்தான் தெரியும். மேளம் சுவர் மாதிரி, குழந்தை அழுகை முள் மாதிரி. எந்தப் படலம் எந்த விசேஷம் என்று சந்தைக்காரர்கள் ஓரளவு சொல்லிவிடுவார்கள்.

அடியாழத்தில் ஒரு வரி. முள், முள், முள். பிறகு வெட்டிவிட்டாற்போல ஒன்றுமில்லை. பிறகு மறுபடி முள்.

"கரண்டு போயிருக்குது" என்றார் ஷம்சுதீன்.

"நாந்தான்" என்றார் திருமூர்த்தி. "அழுவறது நாந்தானுங்க."

பூவாத்தாள் திரையின் மேல்வரியைத் தொட்டுக் காட்டினாள். அங்கே ஒரு மெல்லிய நூல் அலையலையாக ஓடியது. "இது சீட்டிங்க. நான் பெரியவளாயிச் சீர் பண்ணுன அன்னைக்கு என்ற அண்ணன் பொட்டிக்குப் பக்கத்துலயே உக்காந்து, சாமி பாட்டுக்குச் சீட்டி அடிச்சு எங்கய்யன்கிட்ட ஒதை வாங்குனான். நாச்சிமுத்துன்னு பேரு. அந்த வாரமே அமராவதியாத்துல போயிட்டான்." அவள் விரல் அந்த நூலை விட்டு நகரவில்லை. "என்னைய 'ஏ குண்டாத்தா'ன்னு கூப்புடுவான். இன்னொருக்காக் கூப்புட்டா போதுமுங்க."

அவளுடைய படலத்தைப் படித்தால் அவருடையது நசுங்கும். அவருடையதைப் படிக்க அவளுடையதைச் சீவ வேண்டும். மூவருக்கும் அது தெரியும். சந்தையில் இப்படி நேர்ந்தால் ஒரே வழக்கம்தான்: முதலில் கை வைத்தவருக்குத் தட்டு.

"நான் பாத்தது ஐயா கையத்தானுங்க" என்றார் ஷம்சுதீன், தரையைப் பார்த்துக்கொண்டு.

பூவாத்தாள் தட்டை விடவில்லை. "ஏனுங்ண்ணா, கொஞ்சம் ரோசன பண்ணுங்க. ஆயிரம் பேர் கத்துனாலும் என்ற அண்ணன் கொரல நான் இதுதான்னு சொல்லிருவேன். நீங்க உங்கம்மா கொரலக் கேட்டிருக்கறீங்களா?"

"கேட்டதில்ல. அதனாலதானுங்க கேக்கறேன்." அவருக்குக் கோபம் வந்தது. "நீங்க அந்தக் கொரல வருசக்கணக்காக் கேட்டு வளந்தவங்க, அம்மிணி. எனக்கு ஒரு வார்த்த இல்ல. புளியேப்பக்காரனுக்கும் பசியேப்பக்காரனுக்கும் ஒரே எலயா?"

கூடியிருந்தவர்கள் 'சரிதானே' என்று தலையாட்டினார்கள். அம்மா என்று ஒருவன் சொன்னபின் அண்ணனுக்காக வாதாட யார் இருக்கிறார்கள்? பூவாத்தாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"தூளாச்சும் குடுப்பீங்களா?" என்றாள்.

சீவிய தூளை, குரலை இழந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. திருமூர்த்தி தலையசைத்தார்.

காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தது அகழ்வகம். பஸ்ஸில் இருவரும் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். கருவியை இயக்கும் பெண்ணின் பெயர் மகிழினி. சட்டத்தை மனப்பாடமாகச் சொன்னாள். படலம் முழுவதையும் கேட்கலாம். வேண்டுமளவு திருப்பிக் கேட்கலாம். ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போவது ஒரே ஒருவர் குரலைத்தான். கூட்டத்தில் பேசிய மற்றவர்கள் யாருக்கோ தாய், யாருக்கோ அத்தை. அந்நியர் அவர்கள் குரலை வைத்திருக்கக் கூடாது. உரியவர் ஒரு குரலைக் காட்டி 'இது என் உறவு' என்று சொன்னதும் மற்றவை அழிக்கப்படும்.

"சரிம்மா, சரிம்மா, ஆரம்பி" என்றார் திருமூர்த்தி.

கத்தி தட்டில் இறங்கியது. கறுப்புத் தூள் ஒரு வெள்ளைத் தட்டத்தில் உதிர்ந்தது. எந்தெந்த ஊர்க் கல்யாணங்களோ, எந்தெந்தக் கிழவர்களின் இருமலோ. சீவும்போது கத்தி முனையில் ஒரு கீச்சொலி கிளம்பி உடனே அறுந்தது. மகிழினிக்கு அது இயந்திரச் சத்தம். திருமூர்த்திக்கும் அப்படித்தான் கேட்டது.

"அவந்தான்" என்றாள் பூவாத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "போறான்."

திருமூர்த்திக்கு 'நிறுத்து' என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அது தூளாகிவிட்டது. மகிழினி அதைச் சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்துப் பூவாத்தாளிடம் கொடுத்தாள். திருநீறு வாங்குவதுபோல் இரண்டு கையாலும் அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் போகவில்லை. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கடைசியில் படிக்கும் ஊசி இறங்கியது. பாட்டு கழிந்தது. முதலில் பாத்திரம் உருளும் சத்தம். பிறகு ஒரு குழந்தை வீறிட்டது. திருமூர்த்தி நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார். அந்த அலறலைச் சுற்றி ஒரு பட்டாளமே பேசியது. எல்லாம் பெண்கள்.

"அழுவாத சாமி, ஆச்சு ஆச்சு."

"மாமன் மடியில உக்காந்துட்டு அழுவாங்களா? என்ற தங்கம்ல."

"அந்த ஆசாரிய அடிச்சுப் போடலாம் சாமி."

"இங்க பாரு, காக்கா பாரு, காக்கா."

"இந்தா வெல்லம். வாயத் தொற ராசா."

ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி ஆசாரியைத் திட்டினாள். ஒருத்தி, "வாய மூடுடா! ஊருல இல்லாத காதா குத்தறாங்க? மூடு!" என்று அதட்டினாள். மறுபடி சாமி, தங்கம், ராசா, கண்ணு. நம் வீடுகளில் அழுகிற பிள்ளை ஊருக்கே பிள்ளைதான்; பெற்றவள் வேறு, மற்றவள் வேறு என்றா கொஞ்சுகிறார்கள்?

படலம் முடிந்தது. திருமூர்த்தி கேட்ட மாத்திரத்தில் உடம்பு சொல்லிவிடும் என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தார். தொப்புள்கொடி உறவல்லவா, ரத்தத்துக்குத் தெரியாதா என்று. உடம்பு ஒன்றும் சொல்லவில்லை. ஏழெட்டுப் பெண்கள் பேசினார்கள். ஏழெட்டுப் பேரும் அந்நியர்கள்.

"எந்தக் கொரலுங்கய்யா?" என்றாள் மகிழினி.

"இன்னொருக்காப் போடும்மா."

போட்டாள். திரும்பவும் போட்டாள். "போட்டோவுல மூஞ்சியப் பாத்துக் கொரலக் கண்டுபுடிக்கற மிசினு இன்னும் வரலீங்க" என்று மெதுவாகச் சொன்னாள். அம்மாவைத் தேடி வருகிறவர்கள் பலரும் இங்கே வந்து இப்படித்தான் முழிக்கிறார்கள் போலிருந்தது. அவர் எப்படியாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தவித்தார். "அழுவாத சாமி, ஆச்சு ஆச்சு" என்ற குரல் இருந்ததிலேயே மிருதுவாக இருந்தது. மூச்சுக்காற்று கலந்த குரல். திரும்பத் திரும்பக் கேட்கக் கேட்க அது அவர் தலையைத் தடவுவதுபோல் இருந்தது. கண்ணீர் வந்தது. கண்ணீர் வந்துவிட்டதால் அதுதான் என்று தீர்மானித்தார்.

"இதுதாம்மா. இதான் எங்கம்மா." சிரித்தார், அழுதார். அவருடைய வாழ்நாளில் அதைவிட நல்ல நேரம் இருந்திருக்காது. மகிழினியின் விரல் பொத்தானுக்குப் போனது.

"ஏனுங்ண்ணா" என்றாள் பூவாத்தாள் நாற்காலியிலிருந்து. "அது உங்கம்மா இல்லீங்க."

மகிழினியின் விரல் நின்றது.

"அவ விருந்துக்கு வந்தவ. கொஞ்சறவ அத்தன பேரும் வந்தவங்கதான். நாலு பேரு முன்னால புள்ள அழுவறதத் தாங்க முடியாம அதட்டறா பாருங்க ஒருத்தி, வாய மூடுன்னு. பெத்தவ அவதான். நான் மூணு பெத்தவளுங்க." பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். படிகளில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

"மறுபடி போடும்மா."

இப்போது மிருதுவான குரல் யாரோ ஒருத்தியின் குரலாகிவிட்டது. கண்ணீர் வரவில்லை. அதட்டுகிறவளைக் கேட்டார். புகைப்படத்தில் இறுகியிருந்த அந்த வாய் இந்த வார்த்தையைச் சொல்லக்கூடியதுதான். ஆனால் காதுகுத்துச் சத்தம் தலைவலியாக இருந்த எந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் இதையே சொல்லியிருப்பாள். அப்படியென்றால் பூவாத்தாள் தெரிந்துதான் சொன்னாளா, வயிறெரிந்து சொன்னாளா? அண்ணனைத் தூளாக்கியவனுக்கு, கொஞ்சுகிற அம்மாவை ஏன் அவள் விட்டுவைக்க வேண்டும்? முட்டி வலியையும் மறந்து படியிறங்கி ஓடினார்.

அவள் எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். மூச்சிரைக்க அவள் முன்னே போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மிணி, நான் பண்ணுனது பாவந்தான். என்ன வேணாலும் திட்டுங்க. ஆனா சத்தியமாச் சொல்லுங்க. தெரிஞ்சு சொன்னீங்களா? இல்ல, எம்மேல இருக்கற கோவத்துல சொன்னீங்களா?"

பூவாத்தாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்ததா, இரக்கம் இருந்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச கொரலு ஒண்ணே ஒண்ணுதானுங்ண்ணா" என்றாள். "அது இந்த முடிச்சுல இருக்குது."

காங்கேயம் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

திருமூர்த்தி வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். மகிழினி இரண்டு குரல்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எதப் பிரிக்கட்டுங்கய்யா?"

"எதையாச்சும் ஒண்ணப் பிரிச்சுக் குடு, கண்ணு."

"யாருன்னு பேர் போடறதுங்க?"

"அம்மான்னு போட்டுக்க" என்றார்.